சுவரை உடைக்க முன் ஒரு கணக்குப் போடுவோம்



வெயில் காலம் தொடங்கிவிட்டால் இலண்டனில் எம்மவர் வாழும் தெருக்களில் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் ஸ்கிப் நிற்கும். உடைத்த செங்கல், பிடுங்கிய ரைல்ஸ், பழைய குசினி அலுமாரி, ஒரு குளியல் தொட்டி என்று வீட்டின் பாதி அதற்குள் கிடக்கும். பின்வளவில் எக்ஸ்ரென்ஷன், மேலே லொஃப்ற். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அம்மாவை ஊரிலிருந்து கூப்பிட வேண்டும், வேறு வீடு வாங்க வசதியில்லை. காரணங்கள் நியாயமானவைதான். நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று எழுதும் இந்த மருத்துவப் பக்கத்தில் ஸ்கிப்புக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எம்மிடம் வந்த ஒரு நோயாளியின் கதையோடு தொடங்குகிறோம். அவரது அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

இருமலும் இளைப்பும் என்று வந்தார். வயது நாற்பத்தைந்து கூட ஆகவில்லை. ஒரு காலத்தில் சிகரெட் பிடித்தவர், விட்டுவிட்டார். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று பம்ப் கொடுத்து அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்தார். பம்பை மாற்றிக் கொடுத்தோம். மூன்றாம் முறை வந்தபோதுதான் அவரது சப்பாத்தில் படிந்திருந்த வெள்ளைத் தூசு எம் கண்ணில் பட்டது. "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று அப்போதுதான் கேட்டோம்.

"பில்டிங் வேலைதான் டொக்டர். ஆனா நான் மேசன் இல்லை. கல்லு வெட்டிக் குடுக்கிறது மட்டும்தான்."

"மாஸ்க் போடுறனீங்களோ?"

"தூசு கூடினா ஒரு துவாயைக் கட்டுவன்."

பன்னிரண்டு வருடங்களாக முற்றத்துக்குப் பதிக்கும் கல்லையும் குசினி மேசைக்கல்லையும் கிரைண்டரால் உலர்ந்தபடியே வெட்டியிருக்கிறார். நெஞ்சுக் கதிர்ப்படமும் சீ.ரி. ஸ்கானும் எடுத்தபோது நுரையீரல் முழுவதும் சிறு சிறு முடிச்சுகள். சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். என்ன வேலை என்ற அந்த ஒரு கேள்வியை நாம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தத் தவறு எம்முடையது. அதை ஈடு செய்யும் ஒரு சிறு முயற்சியாகவே இதை எழுதுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத தூசு

மணல், கருங்கல், செங்கல், கொங்கிறீற் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. மணற்கல்லில் 70 முதல் 90 வீதம் வரையும், கொங்கிறீற்றிலும் சாந்திலும் 25 முதல் 70 வீதம் வரையும், செங்கல்லில் 30 வீதம் வரையும் இருக்கலாம். கடற்கரை மணலில் கால் வைத்து நடந்தால் எதுவும் ஆகாது. அதே பொருளைச் சுழலும் தட்டால் அறுத்து, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய தூளாக்கும்போதுதான் ஆபத்து. மூக்கில் நிற்கும் பெரிய தூசு தும்மலில் வெளியே வந்துவிடும். இந்த மெல்லிய தூசு நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். அங்கே அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் தாமே செத்துப்போகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதை மாற்றும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் கூடிக்கொண்டு போகலாம்.

இன்னொரு விடயம் எம்மவருக்கு முக்கியமானது. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் தலைதூக்கும். இலங்கை, இந்தியா போன்ற நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் பலரின் உடலில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டு இருக்கக்கூடும். தூங்குவதைத் தட்டி எழுப்பும் வேலையைச் சிலிக்கா செய்கிறது. நுரையீரற் புற்றுநோயும் இதனால் வருகிறது. பிரித்தானியாவில் கட்டட வேலை செய்வோரில் ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் சிலிக்காவினால் வரும் புற்றுநோயால் இறப்பதாக வேலைத்தலப் பாதுகாப்பைக் கவனிக்கும் எச்.எஸ்.ஈ. மதிப்பிட்டிருக்கிறது.

இப்போது பலரும் விரும்பிப் போடும் குவாட்ஸ் மேசைக்கல் இயற்கைக் கல் அல்ல. கல்தூளைப் பிசினோடு கலந்து செய்வது. சாதாரண கருங்கல்லை விட இதில் சிலிக்கா மிக அதிகம், 90 வீதத்தைத் தாண்டுவதும் உண்டு. இத்தகைய கல்லை வெட்டிய 8 ஆண்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்ததைப் பிரித்தானிய மருத்துவர்கள் 2024இல் 'தோராக்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அவர்களின் நடு வயது 34. அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தடைசெய்துவிட்டது. குசினிக்குப் புதுக்கல் போடும் வீட்டுக்காரருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஏதோ ஒரு பட்டறையில் அதை வெட்டும் பையனுக்குத்தான் எல்லாம் நடக்கிறது.

ஒரே வெட்டில் மூன்று

எமது நோயாளியின் நோய்க்கும் அந்த மஞ்சள் ஸ்கிப்புக்கும் உள்ள தொடர்பு சிறிது தாமதமாகத்தான் எமக்கு விளங்கியது. ஒரு கல்லை வெட்டும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. தூசு காற்றில் போகிறது. வெட்டி மிஞ்சிய துண்டு ஸ்கிப்புக்குள் போகிறது. அந்தத் துண்டைச் செய்வதற்காக ஏற்கெனவே வெளிவந்த காபனீரொட்சைட்டு வீணாக வானத்தில் நிற்கிறது. கழிவைக் குறைக்கவும் காபனைக் குறைக்கவும் வழி தேடும் பொறியியலாளர்கள் தங்களை அறியாமலே நுரையீரலைக் காக்கவும் வழி தேடுகிறார்கள் என்று சொல்லலாம். எல்லா இடத்திலும் அல்ல. அதைப் பின்னால் சொல்கிறோம்.

கழிவின் அளவை முதலில் பாருங்கள். 2018இல் ஐக்கிய இராச்சியத்தில் சேர்ந்த கழிவு முழுவதும் 222 மில்லியன் தொன். அதில் 62 வீதம் கட்டுவதாலும் இடிப்பதாலும் நிலம் தோண்டுவதாலும் வந்தது. நாம் வீட்டில் தயிர்க் கோப்பையைக் கழுவித் தனிப்பெட்டியில் போடுவதெல்லாம் இதற்கு முன்னால் சிறு பங்கு. இந்தக் கழிவில் பெரும்பகுதி மீளப் பயன்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் எப்படி? நல்ல கொங்கிறீற்றை நொறுக்கி வீதிக்கு அடியில் சல்லியாகப் போடுகிறார்கள். புதிய கட்டடத்துக்குப் புதிய சீமெந்துதான் போகிறது.

சீமெந்தில் என்ன பிரச்சினை என்பது எம்மில் மூத்தவர்களுக்கு எளிதாக விளங்கும். காங்கேசன்துறை சீமெந்து ஆலையை மறந்திருக்க மாட்டீர்கள். எமது மண்ணின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி, களியோடு சேர்த்து 1450 பாகை வெப்பத்தில் சூளையில் எரிப்பதே அந்த வேலை. எரிக்கும்போது கல்லுக்குள் பிணைந்திருந்த காபனீரொட்சைட்டு பிரிந்து போகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் கையில் நிற்பது 56 கிலோ, வாயுவாகப் போவது 44 கிலோ. ஊரில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுட்டவர்களின் சூளையிலும் இதேதான் நடந்தது. நிலக்கரிக்குப் பதில் சூரிய சக்தியால் சூளையை எரித்தாலும் இந்த 44 கிலோ வரத்தான் செய்யும். உலகில் மனிதரால் வெளிவரும் காபனீரொட்சைட்டில் 7 முதல் 8 வீதம் சீமெந்திலிருந்து வருவதன் காரணம் இதுதான்.

தாளில் செய்யும் ஆராய்ச்சி

இந்த விடயத்தில் எம்மைக் கவர்ந்தவை பெரிய இயந்திரங்கள் அல்ல. பென்சிலும் தாளும் வைத்துச் செய்யும் ஆராய்ச்சிகள். லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒஸ்மானியும் அவரது குழுவினரும் கட்டடக் கலைஞர்களை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டட வேலைத்தலத்துக் கழிவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, படம் வரையும் மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்ற கருத்து அந்த ஆய்வில் முக்கிய இடம் பெறுகிறது. மேசன் கவனமில்லாதவர் என்று நாம் திட்டிக்கொண்டிருக்கும் கழிவை, மேசன் வந்து இறங்க முன்னமே யாரோ வரைந்து வைத்துவிட்டார்.

வெட்டும் கணக்கு இன்னும் பழையது. ஒரு முழுத் துணியில் எத்தனை சட்டை வெட்டலாம், எப்படி வெட்டினால் துண்டு குறையும் என்று எமது தையற்காரர்கள் கண்ணால் பார்த்துச் சொல்லுவார்கள். அதைக் கணிதமாக எழுதியவர்களில் ஒருவர் லெனின்கிராட்டைச் சேர்ந்த கந்தரோவிச். 1939இல் அவர் வெளியிட்ட நூலில் பொருளை வீணாக்காமல் வெட்டும் கணக்கும் ஒன்று. பின்னாளில், 1975இல், பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1961இல் கில்மோரும் கொமோரியும் இதைக் கணினியில் தீர்க்கும் வழியைக் கண்டார்கள்.

நாமும் வீட்டு மேசையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பின்வளவில் கல் பதிக்கப் போகிறீர்கள். கல் 600 மில்லிமீற்றர் சதுரம். கல் இடைவெளிகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவோம். நீளம் 4.8 மீற்றர், ஆகவே 8 வரிசை. அகலம் 3.2 மீற்றர் என்று தீர்மானித்தால் ஒவ்வொரு வரிசையிலும் 5 முழுக்கல்லும் 200 மில்லிமீற்றர் துண்டு ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் புதிய கல்லை எடுத்து வெட்டினால் 8 கல் போகும். யோசித்து வெட்டினால் ஒரு கல்லில் இரண்டு துண்டு எடுத்து 4 கல்லோடு முடிக்கலாம். (மூன்று எடுக்க முடியாது. அறுக்கும் தட்டின் தடிப்பே சில மில்லிமீற்றரைத் தின்றுவிடும்.) பாதிக் கல் மிச்சம். ஆனால் கவனித்தீர்களா, இரண்டு முறையிலும் வெட்டு எட்டுத்தான். தூசு குறையவில்லை. அகலத்தை 3 மீற்றர் என்று மாற்றினால் வெட்டே இல்லை. வெட்டுகிறவரின் திறமை கல்லை மட்டும் மிச்சப்படுத்தும். அளவைத் தீர்மானிக்கும் உங்கள் கை அவருடைய நெஞ்சையும் சேர்த்துக் காப்பாற்றும்.

பிளாஸ்ரர்போர்ட்டுக்கும் இதே கணக்குத்தான். இங்கே கிடைக்கும் வழமையான பலகை 2400க்கு 1200. கூரை உயரத்தை 2.5 மீற்றர் என்று வைத்தால் ஒவ்வொரு பலகைக்கும் மேலே ஒரு ஒட்டு. வெட்டிய துண்டுகளை வீட்டுக் குப்பையோடு சேர்த்துப் புதைத்தால், அழுகும் பொருளோடு சேர்ந்து கூழ்முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு வாயு உண்டாகும். அது நச்சு வாயு. அதனால்தான் ஸ்கிப்காரர் அதைத் தனியாகப் போடச் சொல்கிறார். உங்களைக் கரைச்சல்படுத்த அல்ல.

சுவரை எடுக்கும்போது பில்டர்கள் ஆர்.எஸ்.ஜே. என்று சொல்லும் உருக்கு பீம் ஒன்று வரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொய்னிஹனும் ஓல்வுட்டும் பிரித்தானியாவின் 23 கட்டடங்களில் 10,000க்கும் மேற்பட்ட பீம்களைக் கணக்கிட்டு 2014இல் வெளியிட்டார்கள். அவை தாங்கக்கூடிய பாரத்தில் சராசரியாகப் பாதியைக்கூடத் தாங்கவில்லை. தேவைக்கு இரட்டிப்பு உருக்கு! கணக்குப் பார்க்க எடுக்கும் நேரத்தின் கூலியைவிட உருக்கு மலிவு என்பதே பெரும் காரணம். இதைப் படித்துவிட்டு உங்கள் பில்டரிடம் பீமைச் சிறிதாக்கச் சொல்லிவிடாதீர்கள். அது பொறியியலாளரின் வேலை. அவரிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

எல்லாம் ஒத்துப் போவதில்லை என்று முன்னர் சொன்னோம். கொங்கிறீற் வயதாகும்போது காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. 1930 முதல் 2013 வரை சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதால் வெளிவந்த வாயுவில் 43 வீதத்துக்குச் சமமான அளவைச் சீமெந்துப் பொருட்கள் திரும்ப உறிஞ்சியிருக்கின்றன என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சூளையை எரித்த எரிபொருளின் புகை இதில் சேராது. நொறுக்கினால் பரப்பு கூடும், உறிஞ்சுவதும் விரைவாகும். ஆகவே பழைய கொங்கிறீற்றை நன்றாக நொறுக்கிப் பரப்பி வைப்பது காபன் கணக்குக்கு நல்லது. நொறுக்கும் இடத்தில் நிற்கிறவருக்கு? தண்ணீர் அடிக்காமல் நொறுக்கினால் அது சிலிக்காத் தூசுதான். இதனால்தான் காபன் கணக்குப் போடுகிறவர்களின் மேசையில் ஒரு வைத்தியரும் இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம்.

நம்பிக்கை தரும் வேலைகளும் நடக்கின்றன. 2024இல் கேம்பிரிட்ஜ் குழு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட வழியில், இடித்த கொங்கிறீற்றின் பழைய சீமெந்தை உருக்கு மீளுருக்கும் மின் உலையில் சுண்ணாம்புக்குப் பதில் போடுகிறார்கள். மேலே மிதக்கும் கசடு புதிய சீமெந்துக்கான பொருளாகிவிடுகிறது. சென்னை ஐ.ஐ.ரி.யும் பங்குகொண்ட இன்னொரு ஆராய்ச்சி, சுட்ட களியையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து காபனை 40 வீதம் வரை குறைக்கும் சீமெந்தைக் கொண்டுவந்திருக்கிறது.

ஆனாலும் இடிக்காமல் விட்ட சுவருக்கு நிகர் எதுவும் இல்லை. ஒக்ஸ்போர்ட் வீதியில் மார்பிள் ஆர்ச்சுக்குப் பக்கத்திலுள்ள மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் கடை எம்மில் எல்லோருக்கும் தெரியும். அதை இடித்துக் கட்டுவதா, திருத்துவதா என்ற வழக்கு காபன் கணக்காலேயே பெயர்பெற்றது. அரசாங்கம் 2023இல் மறுத்தது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளியது. அதே ஆண்டு டிசம்பரில் இடிக்க அனுமதி கிடைத்தது. எமக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு வற் வரி இல்லை, இருக்கும் வீட்டைத் திருத்தினால் பெரும்பாலும் 20 வீதம் என்ற சட்டமும் பிடிக்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

உங்கள் வீடு 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டியதென்றால் முதலில் அஸ்பெஸ்ரஸை நினையுங்கள். நீலமும் மண்ணிறமும் 1985இலும், வெள்ளை 1999இலும் இங்கே தடைசெய்யப்பட்டன. கராஜ் கூரை, பழைய குழாய்ச் சுற்று, கூரையில் கோலம்போல் போட்டிருக்கும் ஆட்டெக்ஸ் பூச்சு ஆகியவற்றில் இருக்கலாம். உடையாமல் கிடந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. துளைக்க, சுரண்ட, உடைக்க முன் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண ஸ்கிப்புக்குள் அதைப் போடக் கூடாது. இது தரும் மீசோதீலியோமா புற்றுநோய் 15 முதல் 60 வருடங்கள் கழித்தும் வரலாம். அஸ்பெஸ்ரஸ் நோய்களால் இந்நாட்டில் இன்றும் ஆண்டுக்கு 5,000 பேர் வரை இறக்கிறார்கள்.

ஊரில் வீடு திருத்துகிறவர்களும் கவனிக்க வேண்டும். இலங்கையில் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக் கூரைகள் இன்றும் பரவலாக உள்ளன. இங்கிருந்து காசு அனுப்பி, அங்கே கூரையை உடைத்து இறக்கச் சொல்வதுதான் வழமை. உடைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றி நனைத்து, ஆணியைக் கழற்றி முழுச் சீற்றாக இறக்கச் சொல்லுங்கள். மின்வாளால் அறுக்க விடாதீர்கள். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் வளவில் போட விடாதீர்கள்.

கட்டட வேலை செய்யும் தம்பிமாருக்கு: தண்ணீர் விட்டு வெட்டுங்கள், அல்லது தூசை இழுக்கும் இயந்திரத்தைக் கிரைண்டரோடு பொருத்துங்கள். மாஸ்க் என்றால் எவ்.எவ்.பி. 3. துவாய் மாஸ்க் ஆகாது. தாடி இருந்தால் அந்த மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டாது, தூசு பக்கத்தால் உள்ளே போகும். (தாடியைப் பற்றிப் பேசினால் எம்மோடு கோபிக்கிறவர்கள் உண்டு, என்ன செய்வது!) தும்புத்தடியால் உலர்ந்த தூசைக் கூட்டாதீர்கள். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். உங்கள் ஜீ.பி. கேட்காவிட்டாலும் என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை வருடம் என்று நீங்களே சொல்லுங்கள். நாம் கேட்க மறந்தோம், வேறு வைத்தியரும் மறக்கலாம்.

அந்த நோயாளி இப்போது கல் வெட்டுவதில்லை. ஏணியில் ஏற மூச்சு விடாது. ஆனால் அதே குழுவில்தான் இருக்கிறார். வீடுகளுக்குப் போய் அளவெடுத்து, எத்தனை கல், எத்தனை பலகை என்று கணக்குப் பார்த்து ஓடர் கொடுப்பது அவர் வேலை. நாம் காட்டிய 3.2 மீற்றர் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டொக்டர், கல்லுக்கு இடையில 10 மில்லிமீற்றர் விட வேணும். உங்கட 3 மீற்றரும் சரிவராது" என்றார். இடைவெளியோடு சேர்த்து 3.04 மீற்றர் என்று திருத்தித் தந்தவர் அவர்தான்.